பென்சனோடு வேலை: முதிய ஊழியரும் நம் கடைக் கணக்கும்

நமது ஊர்களில் எந்தக் கடைத் தெருவுக்குப் போனாலும் இந்தக் காட்சியைக் காணலாம். இரும்புக் கடையிலோ, புடைவைக் கடையிலோ, அரிசி மொத்த வியாபாரத்திலோ காசு மேசைக்குப் பக்கத்தில் வயது முதிர்ந்த ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பில் புத்தகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். பாடசாலையில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்த மாஸ்டராக இருப்பார். அல்லது பிரதேச செயலகத்திலோ தபால் கந்தோரிலோ லிகிதராக இருந்தவர். மாதாமாதம் பென்சன் வருகிறது. ஆனாலும் வீட்டில் சும்மா இருக்க மனமில்லை. பென்சன் காசு மாதக் கடைசி வரை நிற்பதும் இல்லை.

இன்னொரு வகையினரும் உண்டு. பதினெட்டு வயதில் நம் கடைக்குள் சாக்குத் தூக்க வந்து, விற்பனையாளராகி, இன்று 56 வயதில் கல்லாவைப் பார்க்கும் அளவுக்கு நம்பிக்கையானவர். அவருக்கு அரசாங்கப் பென்சன் கிடையாது. இருப்பதெல்லாம் ஊழியர் சேமலாப நிதிதான். அதையும் முதலாளி ஒழுங்காகக் கட்டியிருந்தால்தான்.

மூன்றாவது வகை நாமேதான். அறுபத்தைந்து, எழுபது வயதிலும் ஸுபஹுத் தொழுதுவிட்டு கடையைத் திறக்கும் முதலாளிமார். நமக்குப் பென்சன் தர யாரும் இல்லை.

இந்த மூன்று வகையினரையும் பற்றி வர்த்தக சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் பல. பென்சன்காரரை வேலைக்கு வைத்தால் அவருடைய பென்சன் வெட்டப்படுமா? அவருக்கும் ஈ.பி.எப். கட்ட வேண்டுமா? ஈ.பி.எப். பணத்தை எடுத்த பிறகும் வேலை செய்பவருக்கு மறுபடியும் கட்ட வேண்டுமா? ஐம்பத்தைந்து வயதானவரைப் போகச் சொல்லலாமா? இவற்றுக்குக் கடைத் தெருவில் கிடைக்கும் பதில்களில் பாதி பிழையானவை. பிழையான பதிலை நம்பியதால் பிற்காலத்தில் இலட்சக் கணக்கில் கட்ட வேண்டி வந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இந்த வாரம் இதனைச் சற்று விபரமாகப் பார்ப்போம்.

பென்சன் வெட்டப்படுமா?

முதலில் அரசாங்கப் பென்சன்காரரை எடுப்போம். இலங்கை அரச சேவையில் ஒருவர் விரும்பினால் 55 வயதில் ஓய்வு பெறலாம். 60 வயதில் கட்டாயம் ஓய்வு பெற வேண்டும். 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இந்த வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. பின்னர் பொருளாதார நெருக்கடி வந்தபோது அதே 2022ஆம் ஆண்டின் இறுதியோடு மீண்டும் 60 ஆக்கப்பட்டது. அப்போது ஒரே நாளில் பெருந்தொகையான உத்தியோகத்தர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் பலர் இன்று தனியார் நிறுவனங்களிலும் கடைகளிலும் வேலை செய்கிறார்கள்.

அரசாங்கப் பென்சன் என்பது ஒருவர் செய்து முடித்த சேவைக்கான கொடுப்பனவு. அவர் இப்போது ஏழையா, வேறு வருமானம் உண்டா என்று பார்த்துக் கொடுக்கப்படுவதல்ல. எனவே ஓய்வு பெற்ற ஆசிரியர் நம் கடையில் கணக்கு எழுதி மாதம் 40,000 ரூபா சம்பளம் எடுத்தாலும் அவருடைய பென்சனில் ஒரு சதமும் குறையாது. வருடா வருடம் உயிர்வாழ் சான்றிதழை ஒழுங்காகக் கொடுத்து வந்தால் போதும். அரசாங்கப் பென்சனுக்கு வருமான வரியும் இல்லை. கடைச் சம்பளத்துக்கு வரி விழுமா என்றால், 2025 ஏப்ரல் முதல் வருடம் 18 இலட்சம் ரூபா வரை, அதாவது மாதம் 150,000 ரூபா வரை, தனிநபர் வருமானத்துக்கு விலக்கு இருக்கிறது. நம் கடைகளில் அந்த அளவு சம்பளம் எடுப்பவர் மிகச் சிலரே.

ஒரு விடயத்தை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். பென்சன்காரர் மறுபடியும் அரச சேவையிலேயே ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தால் அதற்குத் தனியான விதிகள் உண்டு. அதைப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியக் கிளையில் எழுத்தில் கேட்டு அறிந்த பின்பே சேர வேண்டும். தனியார் கடையில் வேலை செய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிறகு ஏன் "பென்சன் வெட்டுவார்கள்" என்ற பயம் பரவியிருக்கிறது? வெளிநாட்டில் உள்ள உறவினர் சொல்லும் கதைகள் அதற்கு ஒரு காரணம். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புப் பென்சனை 62 வயதிலிருந்தே எடுக்கலாம். ஆனால் முழு ஓய்வு வயது வருவதற்கு முன்னர் எடுத்துக்கொண்டு வேலையும் செய்தால், குறித்த வரம்புக்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு 2 டொலருக்கும் 1 டொலர் வீதம் பென்சனில் நிறுத்தி வைப்பார்கள். முழு ஓய்வு வயது வந்த பிறகு எவ்வளவு உழைத்தாலும் நிறுத்துவதில்லை. 2000ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி அப்படிச் செய்தார்கள். பிரித்தானியாவில் உழைப்பவரின் அரச பென்சனைக் குறைக்கும் விதி 1989இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஆக, லண்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் செய்திகள் ஒன்றுக்கொன்று முரணாகத்தான் இருக்கும். அந்தந்த நாட்டுச் சட்டம் அந்தந்த நாட்டுக்கு. அதை வைத்து நம் ஊர் மாஸ்டரைப் பயப்படுத்த வேண்டியதில்லை.

பென்சன் இருக்கிறதே என்று சம்பளத்தைக் குறைக்கலாமா?

இங்குதான் நம்மவர்களில் சிலர் தவறு செய்கிறார்கள். "அவருக்குப் பென்சன் வருகிறதுதானே, கைச்செலவுக்கு ஏதாவது கொடுத்தால் போதும்" என்ற எண்ணம். பென்சன் அவருடைய பழைய உழைப்புக்கு அரசாங்கம் கொடுப்பது. கடையில் செய்யும் வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் கடைக்காரர். ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைப்பது நியாயமல்ல. சட்டமும் அதை ஏற்காது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டத்தில் பென்சன்காரருக்கு என்று குறைந்த வீதம் ஒன்றும் இல்லை. கடை, கந்தோர் ஊழியர் பற்றிய 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் வயதைப் பார்ப்பதில்லை. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்ற அளவு அறுபது வயதுக்காரருக்கும் பொருந்தும். லீவும் பொருந்தும்.

முழு நாளும் வேலை தர முடியாவிட்டால் அரை நாள் வேலை கொடுங்கள். காலையில் வந்து முந்திய நாள் கணக்கை முடித்துவிட்டு லுஹருக்கு முன் போகட்டும். எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளம், என்ன வேலை என்பதை ஒரு கடிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டு இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சாக வைத்தால் இரண்டு வருடத்துக்குப் பின் இருவருக்கும் இரண்டு ஞாபகம் இருக்கும்.

ஓய்வு பெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர் கடைக்குள் இருப்பது நமக்கும் இலாபம்தான். சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர். பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம், வரிக் கடிதம், விலைமனுப் படிவம் என்று எது வந்தாலும் எங்கே, யாரிடம், என்ன ஆவணத்தோடு போக வேண்டும் என்று தெரிந்தவர். இந்த அறிவை நாம் வெளியில் காசு கொடுத்து வாங்குகிறோம். கடைக்குள் இருப்பவருக்கு அதற்குரிய பெறுமதியைக் கொடுப்பதுதான் முறை.

ஈ.பி.எப். கட்ட வேண்டுமா?

வேண்டும். இதில் இரண்டு பேச்சு இல்லை. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் அந்தச் சட்டம் பொருந்தும். நிரந்தரம், தற்காலிகம், பகுதி நேரம் என்ற வித்தியாசம் இல்லை. "வயது போனவர்", "பென்சன் எடுப்பவர்", "முன்னரே ஈ.பி.எப். பணத்தை எடுத்தவர்" என்ற காரணங்கள் எதுவும் முதலாளியை விடுவிக்காது. வேலை செய்கிறாரா, சம்பளம் எடுக்கிறாரா என்பதே கேள்வி.

கணக்கு இப்படித்தான். மாதச் சம்பளம் 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

ஊழியரின் பங்கு 8 வீதம். அதாவது 3,200 ரூபா. இது அவருடைய சம்பளத்தில் கழிக்கப்படும்.

முதலாளியின் பங்கு 12 வீதம். அதாவது 4,800 ரூபா. இது நம் பையிலிருந்து போக வேண்டியது. ஊழியரிடம் கழிக்கக் கூடாது.

ஊழியர் நம்பிக்கை நிதி, அதாவது ஈ.டி.எப்., 3 வீதம். 1,200 ரூபா. இதுவும் முழுக்க முதலாளியின் பொறுப்பு. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்தது.

ஆக, ஊழியரின் கையில் கிடைப்பது 36,800 ரூபா. அவருடைய ஈ.பி.எப். கணக்கில் விழுவது 8,000 ரூபா. முதலாளிக்கு மொத்தச் செலவு 46,000 ரூபா. வேலைக்கு எடுக்கும்போதே 40,000 என்று நினைக்காமல் 46,000 என்று நினைத்துச் சம்பளத்தைத் தீர்மானித்தால் பிற்பாடு மனக்கசப்பு வராது.

இன்னொரு நுணுக்கம். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பது பிழை. வாழ்க்கைச் செலவுப் படி, லீவுச் சம்பளம், கொமிஷன், நாம் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதி ஆகியவையும் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும்.

"ஊழியரே வேண்டாம் என்கிறார், சம்பளத்தை முழுதாகத் தாருங்கள் என்று கேட்கிறார்" என்று சிலர் சொல்வதுண்டு. ஊழியர் வேண்டாம் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தாலும் அது செல்லாது. பிற்காலத்தில் அவரோ அவருடைய பிள்ளைகளோ தொழில் கந்தோரில் முறைப்பாடு செய்தால் முழுத் தொகையையும் முதலாளியே கட்ட வேண்டும். உரிய மாதத்தில் கழிக்காத ஊழியர் பங்கைப் பின்னர் அவரிடம் அறவிடவும் முடியாது. அதாவது 12 வீதம் கட்ட வேண்டியவர் 20 வீதம் கட்டுவார், அதற்கு மேல் தண்டமும் கட்டுவார்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மாதம் 30,000 ரூபா சம்பளத்துக்கு 20 வீதம் என்றால் 6,000 ரூபா. வருடத்துக்கு 72,000 ரூபா. இருபது வருடம் கட்டாமல் விட்டால் வெறும் முதல் மட்டும் 14 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. தண்டம் வேறு. இந்தக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு மௌத்தாகிப் போனால் அந்தச் சுமை வாரிசுகளின் கையில் விழும். கூலியைத் தாமதியாமல் கொடுக்கச் சொல்லும் நபிமொழி நம் எல்லோருக்கும் மனப்பாடம். முதலாளியின் பங்கும் ஊழியரின் ஹக்குதான். அவர் சம்பளத்தில் கழித்த 8 வீதம் அதைவிடப் பாரமானது. அது நம்மிடம் இருக்கும் அமானிதம். அதைக் கழித்துவிட்டுக் கட்டாமல் கடை முதலில் போட்டுப் புரட்டுவது எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாத காரியம்.

ஐம்பத்தைந்தா, அறுபதா?

இப்போது நம் பழைய ஊழியரிடம் வருவோம். ஈ.பி.எப். பணத்தைக் கோரும் வயது ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50. இதனால் 55 என்பதே தனியார் துறையின் ஓய்வு வயது என்ற எண்ணம் நெடுங்காலமாக இருந்து வந்தது. பல இடங்களில் 55 முடிந்ததும் கையில் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, ஊழியர்களின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் இதை மாற்றியது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடங்களுக்கு அது பொருந்தும். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 52 வயதை அடையாதவர்களுக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அப்போது அதைக் கடந்திருந்தவர்களுக்குப் படிப்படியாகக் குறைந்த வயதெல்லைகள் கொடுக்கப்பட்டன. வயது போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக அதற்கு முன்னர் ஒருவரை நிறுத்த முடியாது.

ஆனால் ஈ.பி.எப். வயது 55, 50 என்றே இருக்கிறது. ஆகவே ஒருவர் தன் சேமலாப நிதியைக் கோரும் வயதும், வேலையிலிருந்து நிறுத்தப்படக்கூடிய வயதும் இப்போது வேறு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தன் சேமிப்பை எடுத்த ஒருவர் மறுபடியும் கடையில் உழைத்தால் அந்த மாதத்திலிருந்து மறுபடியும் 8, 12, 3 என்று கட்டத்தான் வேண்டும்.

பணிக்கொடை இன்னொரு கணக்கு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடத்தில் ஐந்து வருடம் சேவை முடித்தவருக்கு, சேவை முடியும்போது, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். மாதம் 50,000 ரூபா எடுப்பவர் இருபது வருடம் வேலை செய்திருந்தால் 25,000 பெருக்கல் 20. ஐந்து இலட்சம் ரூபா. சேவை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நம் கடையில் பத்துப் பேர்தானே என்று முற்றாக அலட்சியம் செய்யவும் முடியாது. சிறிய இடத்து ஊழியருக்கும் தொழில் நியாய சபைக்குப் போகும் வழி உண்டு. ஈ.பி.எப். கட்டினோம், ஆகவே பணிக்கொடை இல்லை என்று நினைப்பதும் பிழை. இரண்டும் வேறு வேறு உரிமைகள்.

ஐந்து இலட்சத்தை ஒரே நாளில் கல்லாவிலிருந்து எடுப்பது சிறு வியாபாரிக்குக் கஷ்டம்தான். அதனால்தான் வருடா வருடம் ஒவ்வொரு ஊழியருக்கும் அரை மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கும் பழக்கம் வேண்டும். ஐந்து பேர் என்றாலும் பதினைந்து பேர் என்றாலும் இதைச் செய்பவர் பிரியாவிடை நாளில் முகம் சுளிக்கமாட்டார்.

எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

நம் ஊழியர்கள் பலர் ஈ.பி.எப். பணத்துக்காக மாதக் கணக்கில் அலைவதற்கு முக்கிய காரணம் பெயர்தான். தேசிய அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈ.பி.எப். பதிவில் இன்னொன்று. முஹம்மத், மொஹமட், மொஹம்மது என்று ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. பிறந்த திகதி ஒன்றோடொன்று பொருந்தாது. 55 வயது வந்த பிறகு இதைத் திருத்த ஓடுவதைவிட, முதலாளி இப்போதே ஒரு நாளை ஒதுக்கி எல்லா ஊழியர்களின் அடையாள அட்டையையும் பதிவையும் ஒப்பிட்டுத் திருத்திக் கொடுப்பது பெரிய உதவி. பின்னுரித்தாளியாக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கலியாணத்துக்கு முன் சேர்ந்தவர் தாயின் பெயரைப் போட்டிருப்பார். தாய் மௌத்தாகிப் பல வருடமாகியும் மாற்றியிருக்கமாட்டார்.

வேலையில் இருக்கும்போதே ஒரு பகுதியை எடுக்கும் வழியும் உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, பத்து வருடத்துக்குக் குறையாமல் பங்களிப்புச் செய்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் வைத்திருப்பவர், வீட்டுத் தேவைக்கோ வைத்தியத் தேவைக்கோ மீதியில் 30 வீதம் வரை பெறலாம். உச்ச எல்லை 20 இலட்சம் ரூபா. கூரை ஒழுகும் வீட்டுக்காக வட்டிக் கடைக்காரனிடம் போகும் ஊழியருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

55 வயதில் முழுவதையும் உடனே எடுக்க வேண்டுமா என்பது அவரவர் தேவையைப் பொறுத்தது. எடுக்காமல் விட்டால் அது நிதியிலேயே இருந்து வருடாந்த வருமானம் சேரும். 2023ஆம் ஆண்டுக்கு 13 வீதம் அறிவிக்கப்பட்டது. அந்த வருமானத்தின் மார்க்க நிலைமை பற்றியும், இந்தப் பணத்துக்கு எப்போது ஸகாத் கடமையாகும் என்பது பற்றியும் ஊரிலுள்ள உலமாக்களிடம் ஆவணத்தோடு போய்க் கேட்டுத் தெளிவு பெறுவதே நல்லது. இங்கே வியாபாரக் கணக்கை மட்டுமே பேசுகிறோம்.

ஓய்வுப் பணத்தைக் கடைக்குள் வாங்கும்போது

இனிச் சொல்லப் போவது சற்றுக் கசப்பானது. ஆனாலும் சொல்ல வேண்டும். பென்சன்காரரின் பணிக்கொடையும் ஊழியரின் ஈ.பி.எப். பணமும் கைக்கு வரும் செய்தி ஊரில் இரண்டு நாளில் பரவிவிடும். "வங்கியில் போட்டால் வட்டி, என் கடையில் போடுங்கள், இலட்சத்துக்கு மாதம் இவ்வளவு இலாபம் தருகிறேன்" என்று கேட்பவர்கள் வருவார்கள். கேட்பவர் பள்ளியில் முன் ஸப்பில் நிற்பவராகவும் இருப்பார். ஆகவே மறுக்க மனம் வராது.

இலட்சத்துக்கு மாதம் இவ்வளவு என்று நிச்சயித்துக் கொடுப்பது, பெயரை இலாபம் என்று மாற்றினாலும், வட்டியின் தன்மையிலிருந்து விடுபடாது. முழாரபாவில் இலாபம் விகிதப்படிதான். நூற்றுக்கு இத்தனை பங்கு அவருக்கு, இத்தனை எனக்கு என்று முன்னரே பேச வேண்டும். உழைப்பவரின் கவனயீனமோ மோசடியோ இல்லாமல் நட்டம் வந்தால் அது முதல் போட்டவருடையது. உழைத்தவருக்கு உழைப்பு வீண். இதைச் சொல்லாமல் முதியவரின் வாழ்நாள் சேமிப்பை வாங்குவது அவரை ஏமாற்றுவதாகும். பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்கும் தொழிலை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடத்துவது 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித் தொழில் சட்டத்தின்படி குற்றமும்கூட.

2022ஆம் ஆண்டை நாம் மறக்கக் கூடாது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் போனது. கொழும்பில் பணவீக்கம் அந்த வருடம் செப்டெம்பரில் 70 வீதத்தைத் தொட்டது. சாமான் இறக்கக் காசில்லாமல் பெரிய கடைகளே ஆட்டம் கண்டன. அந்த நேரத்தில் பிறருடைய ஓய்வுப் பணத்தை முதலாக வைத்திருந்தவர் என்ன பாடுபட்டிருப்பார், பணம் கொடுத்தவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். இளைஞன் இழந்தால் திரும்ப உழைப்பான். அறுபது வயதில் இழந்தவர் எதைக் கொண்டு திரும்ப உழைப்பார்?

வாங்கியே ஆக வேண்டும் என்றால் மூன்று நிபந்தனைகளை வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிகளோடு எழுத்தில் ஒப்பந்தம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்டுதல். அவருடைய சேமிப்பு முழுவதையும் வாங்காமல் சிறு பகுதியை மட்டும் வாங்குதல். முழுவதையும் கொண்டு வந்து நீட்டினாலும், "ஹாஜியார், மிச்சத்தை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் முதலாளிதான் நம்பிக்கையான முதலாளி.

முதலாளிக்கு யார் பென்சன் தருவது?

கடைசியாக நம்மைப் பற்றி. தனி உரிமையாளராகக் கடை நடத்துபவர் தனக்குத் தானே ஈ.பி.எப். கட்ட முடியாது. அவர் ஊழியர் அல்ல. அரசாங்கம் சுயதொழில் செய்வோருக்காக ஏற்படுத்தியது சமூகப் பாதுகாப்புச் சபை. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. அதன் சுரெகும போன்ற பங்களிப்புப் பென்சன் திட்டங்களில் அறுபது வயதுக்கு முன் சேர வேண்டும். விபரங்களைப் பிரதேச செயலகத்திலுள்ள உத்தியோகத்தரிடம் கேட்கலாம். அதிலிருந்து வரும் தொகை பெரிதாக இராது. ஆனால் நம்மில் பலர் அப்படி ஒன்று இருப்பதையே அறுபது தாண்டிய பிறகுதான் அறிகிறோம்.

பெரும்பாலான வியாபாரிகளுக்குக் கடையே பென்சன். அதில் இரண்டு ஆபத்துக்கள். ஒன்று, வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே கல்லாவிலிருந்து போவதால் நமக்கென்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாமும் மாதம் ஒரு தொகையைச் சம்பளமாக எடுத்து, அதில் ஒரு பகுதியைக் கடையோடு சம்பந்தமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். சிறு காணித் துண்டாகவோ, வாடகை வரும் அறையாகவோ, தங்கமாகவோ இருக்கலாம். இரண்டு, கடை யாருடையது என்பது எழுத்தில் இல்லை. மூத்த மகன் இருபது வருடமாகக் கடையில் நின்று அதை வளர்த்திருப்பார். பதிவு வாப்பாவின் பெயரில். வாப்பா மௌத்தானதும் கடை முழுவதும் மீராஸ் சொத்து. பெண் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் பங்கு உண்டு. மகனின் இருபது வருட உழைப்புக்கு என்ன கணக்கு என்று எவரும் எழுதி வைக்கவில்லை. பள்ளி நிர்வாகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகும் குடும்ப வழக்குகளில் இது ஒரு பெரிய பங்கு. மகன் சம்பளக்காரனா, பங்காளியா என்பதை நாம் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே எழுத வேண்டும். சம்பளக்காரன் என்றால் மாதாமாதம் சம்பளத்தைக் கொடுங்கள். பங்காளி என்றால் பங்குடைமை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்.

எழுபது வயதிலும் கடைக்கு வருவது குற்றமல்ல. நடமாடும் வரை உழைப்பது அல்லாஹ் தந்த பாக்கியம். ஆனால் வந்தே ஆக வேண்டிய நிலையில் வருவதும், வர விருப்பப்பட்டு வருவதும் ஒன்றல்ல.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடையில் 50 வயதைத் தாண்டிய ஊழியர்கள் யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஈ.பி.எப்., ஈ.டி.எப். எந்த மாதம் வரை கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா என்று ஒப்பிடுங்கள். பென்சன்காரர் ஒருவர் வேலை செய்தால் அவருடைய பெயரும் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் தொழில் கந்தோர் தேடி வரும் வரை காத்திராமல் நாமே போய்ப் பேசி, தவணை கேட்டுக் கட்டத் தொடங்குங்கள். நாளுக்கு நாள் அது ஏறுமே தவிர இறங்காது.

நம் கடையில் தலை நரைத்தவர்களின் ஹக்கைச் சரியாகக் கொடுத்து முடிக்கும் வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. அடுத்த வாரம் இன்ஷா அல்லாஹ் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.